பல்லக்கா கழற்றிய டிராக்டர்

"எங்க, ஆ காட்டு" என்று சொல்லிவிட்டு, எஞ்சினுக்கு அடியில் பல் டாக்டரின் குட்டிக் கண்ணாடியை நுழைத்தார். வலது கையில் கண்ணாடி, இடது கையில் முனை வளைந்த ஊசி, நெற்றியில் கட்டிய விளக்கு. கார் நிறுத்தும் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்திருந்தார். ஊசி நுனியில் கறுப்பாக எதுவோ வந்தது. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "எண்ணெய்க் கசடு இல்ல. எலிப் புழுக்கை" என்று துடைத்துப் போட்டார்.

தெருவில் இவருக்குப் பல்லக்கா என்று பெயர். பல் செட் செய்வது தொழில். முப்பத்தேழு வயதுதான், ஆனாலும் அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும்தான். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவர் பற்களைச் செய்து திருப்பி அனுப்புவார். டாக்டர் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில், என் அம்மாவின் மேல்வரிசையை நேரே வாங்கப் போனபோதுதான் இவரையும் டிராக்டரையும் சேர்த்துப் பார்த்தேன். "பதினஞ்சு வருஷமா பல்லு செய்யறேன், ஒருத்தர் வாயையும் நேர்ல பாத்ததில்ல. இதுதான் முதல் வாய்" என்றார். பல்லக்கா என்று கூப்பிட்டால் கோபம் வராதா என்று கேட்டேன். "பல்லக்குல போறவன்னு நெனச்சுக்குவேன்."

டிராக்டர் சின்னது. தோட்டத்தில் புல் வெட்டவும், மண் இழுக்கவும் ஆன ஒற்றை ஆள் வண்டி. உயரமானவர் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கும். வயிற்றுக்கு அடியில் புல் வெட்டும் தகடு சுற்றும். இவருடைய அப்பா நாற்றுப்பண்ணை வைத்திருந்த காலத்தில் யாரிடமோ பழசாக வாங்கியது. பதினெட்டு வருடம் அது தோட்டத்துக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அப்பா இறந்து ஒரு வருடம் ஆனபின், அப்பாவின் வீட்டிலேயே இருக்கும் அண்ணன் போனில், "கொட்டகையை இடிக்கப் போறேன். பழைய இரும்புக்காரரை நாளைக்கு வரச் சொல்லிட்டேன்" என்றார். இரும்புக்காரர் வருவதற்கு முன்பே இவர் ஒரு வேனோடு போய் நின்றுவிட்டார்.

"செத்ததை எதுக்கு நோண்டற?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

"சும்மாதான்" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து வீட்டுக் கார் வெயிலில் நின்றது. கணவர் எதிர்ப்பேதும் சொல்லவில்லை. "எனக்குக் காய்ச்சல்னு படுத்தப்பகூட இத்தனை தடவை தொட்டுப் பாக்கல" என்று என்னிடம் மட்டும் சொன்னார். "உங்களைக் கழட்டி மாட்ட முடியாதே" என்று டிராக்டருக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

கழற்றிய ஒவ்வொரு திருகும் பல் செட் அனுப்பும் சின்ன டப்பாக்களுக்குள் போயிற்று. டப்பா மேல் சீட்டு: "மேல் வலது", "கீழ் இடது", "கடைவாய்". ஒன்றில் "ஞானப்பல்" என்று எழுதியிருந்தது. அது என்ன என்றேன். "எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாத போல்ட்டெல்லாம் அதுல கிடக்கு. இல்லாமயும் வண்டி ஓடும். வலி வந்தா அப்புறம் பாத்துக்கலாம்." கார்புரேட்டரின் துளைகளை, பல்லின் வேர்க்குழாயைச் சுத்தம் செய்யும் மயிரிழை ஊசியால் குடைந்தார். கியர்க் கம்பியின் தலையில் குமிழ் இல்லை. எங்கும் கிடைக்கவும் இல்லை. பல் செட்டுக்கு ஈறு செய்கிற பொருளைக் குழைத்து அவரே ஒன்றை வார்த்து மாட்டினார். துருவேறிய சிவப்பு வண்டியில் அந்தக் குமிழ் மட்டும் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருப்பதுபோல் மின்னியது. தொட எனக்குக் கூசியது.

பெயிண்ட் அடிக்கவில்லையா என்று தெருவில் போகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில். "பொய்ப்பல் செஞ்சே கை ஓஞ்சு போச்சு. இதுக்காவது சொந்தப் பல்லு இருக்கட்டும்."

ஐந்து மாதத்தில் ஏறக்குறைய எல்லாம் முடிந்தது. ஒரே ஓர் இடத்தில்தான் கை வைக்கவில்லை: கால் மிதியும் அதற்குக் கீழே போகும் கம்பியும். மிதியை அழுத்தினால் பெல்ட் தளர்ந்து தகடு நின்றுவிடும், காலை எடுத்தால் பெல்ட் இறுகித் தகடு சுற்றும். அவ்வளவுதான் அதன் வேலை. "அது அப்புறம்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏன் அப்புறம் என்று கேட்டேன். மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்லை நட்டுக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார்.

அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது, அண்ணனுக்கு இருபத்திரண்டு. மழை விட்ட மறுநாள், ஈரப்புல் பெல்ட்டில் சுற்றிச் சிக்கிக்கொண்டது. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. அதனால் தங்கை மிதியை அழுத்திப் பிடித்திருக்க, அண்ணன் குனிந்து கையை விட்டுப் புல்லைப் பிடுங்கினார். வீட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். தங்கை திரும்பினார். பெல்ட் இறுகியது. அண்ணனின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

"நான் மிதிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், அதுவா இழுத்துடுச்சுன்னு சொன்னேன். எல்லாரும் நம்பினாங்க. அப்பா வண்டியைத் தள்ளிட்டுப் போய் மூடி வெச்சாரு. அப்புறம் அதைத் தொடவே இல்ல. சரியா பாத்து வெச்சிருந்தா புள்ளை கை போயிருக்காதுன்னு கடைசி வரைக்கும் அவருக்குக் கவலைன்னு நெனச்சேன்." பல்லை மெழுகிலிருந்து பிடுங்கி மறுபடி நட்டார். "சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாயிடுச்சு. நிஜமாவே அது தேஞ்சு போயிருந்தா? ஸ்பிரிங் அறுந்திருந்தா? அதைப் பாக்கத்தான் வண்டியைக் கொண்டுவந்தேன். கிட்ட வந்ததும் கை வரல."

அடுத்த வாரம் கை வந்தது. நான் அங்கே இருந்தேன். மிதியைக் கழற்றினார், கம்பியை இழுத்தார், ஸ்பிரிங்கை வெளியே எடுத்து அட்டைமேல் வைத்தார். எல்லாம் திடமாக இருந்தன. ஒரு தேய்மானம் இல்லை, ஒரு விரிசல் இல்லை. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விளக்கை நெற்றியிலிருந்து அவிழ்த்துக் கையில் பிடித்துக் கிட்டக் காட்டினார்.

"இங்க பாருங்க. வண்டி அடியில எல்லாத்துலயும் அந்த நாள் புல்லு காஞ்சு அப்பியிருந்துச்சு. நான்தானே சுரண்டினேன். இது மட்டும் துடைச்சு, கிரீஸ் போட்டு வெச்சிருக்கு."

யாரோ, விபத்துக்குப் பிறகு, அதை மட்டும் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் ஸ்பிரிங்கை ஒரு பல் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் கணக்கு வாத்தியார். "என் கையில எட்டு வரைக்கும்தான் எண்ண முடியும், மிச்சத்தை நீங்க எண்ணுங்க" என்பது வகுப்பின் முதல் நாளில் அவர் சொல்லும் வழக்கமான வேடிக்கை. சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் முன்னால் தங்கை டப்பாவைத் திறந்து வைத்தார்.

"சாமான் நல்லாத்தான் இருக்குண்ணா. என் கால்தான்."

அண்ணன் சிவப்புப் பேனாவை மூடினார். "தெரியும்."

"எப்ப இருந்து?"

"மறுநாள்ல இருந்து. நான் ஆஸ்பத்திரியில இருக்கும்போது அப்பா கழட்டிப் பாத்தாரு. எங்கிட்ட வந்து, சின்னவ பயந்து போயிருக்கா, வண்டி மேலயே இருக்கட்டும்னாரு. வேற மெக்கானிக் பாத்தா சொல்லிடுவானேன்னுதான் மூடி வெச்சாரு."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். கோவம் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது, நாலஞ்சு வருஷம் நல்லாவே இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் தேடிப் பாத்தேன், காணோம். சரி, இனிமே எதுக்குன்னு விட்டுட்டேன்."

இதை எனக்குச் சொன்னபோது பல்லக்கா அழவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தார். "முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சது நான் ஒருத்திதான்னு பதினெட்டு வருஷம் செத்துட்டிருந்தேன். வீடே சேர்ந்து சோறு போட்டு மூடியிருக்கு." இரண்டு வாரம் வண்டியைத் தொடவில்லை. டப்பாக்கள் வரிசையாக அப்படியே கிடந்தன. வந்த பல் வேலைகளை மட்டும் செய்தார். அந்த நாட்களில் செய்த பற்கள் எல்லாம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக அமைந்துவிட்டன என்று டாக்டர் திருப்பி அனுப்பியதாகக் கணவர் சொன்னார்.

மூன்றாம் வாரம் அண்ணனே வந்தார். அவர் அந்தக் கொட்டகைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளியில் மேற்பார்வை செய்பவரைப்போல வண்டியைச் சுற்றி நடந்தார். இளஞ்சிவப்புக் குமிழுக்கு முன்னால் நின்றார்.

"இது என்ன, வாயிலிருந்து விழுந்த மாதிரி?"

"ஈறு."

"வண்டிக்கா?"

"உனக்கும் ரெண்டு விரல் செஞ்சு தரவா?"

அண்ணன் பின்னால் கட்டியிருந்த இடது கையை முன்னால் கொண்டுவந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இவருக்கும் சிரிப்பு வந்தது, அதோடு இத்தனை நாள் வராமல் இருந்த அழுகையும் வந்தது. அண்ணன் அதைக் கவனிக்காததுபோல ஞானப்பல் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார். போகும்போது, "தோட்டத்துல புல்லு இடுப்பு வரைக்கும் நிக்குது. எப்ப கொண்டுவர?" என்று கேட்டார்.

ஒரு மாதத்தில் வண்டி கிளம்பியது. முதல் நாள் இருமிற்று, இரண்டாம் நாள் புகைந்தது, மூன்றாம் நாள் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஓடியது. அதே வேனில் ஏற்றி அண்ணன் வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். இப்போது ஞாயிறுதோறும் பல்லக்கா அங்கே போய்ப் புல் வெட்டுகிறார். அவர் வெட்டுகிற வரிசைகள் நேராக இருப்பதில்லை. "பல்வரிசையே நேரா இருந்தா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சுடும்" என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். தோட்டத்தின் அந்தக் கோடியில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் ஒரு கையில் தேநீர்க் கோப்பையோடு வீட்டுப் பின்வாசலில் இறங்கி, வெட்டிய புல்லின்மேல் நடக்கத் தொடங்கினார். அவர் இன்னும் முப்பது அடி தூரத்தில் இருந்தார். பல்லக்கா வண்டியை நிறுத்தினார். எஞ்சின் சத்தம் அடங்கியது. சாவியை உருவி, அண்ணன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தார். அண்ணன் தேநீர் சிந்திவிடாமல், அவசரப்படாமல், அடிமேல் அடி வைத்து நடந்து வந்தார். அவர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற வரை இவர் கையை இறக்கவில்லை.