பெயர் சொல்லி இழுத்த வலை

என் மகள் கணினியில் ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தாள். ஒரே அறையில் நான்கு பேர் இருந்து, ரீவியில் தெரியும் கரைவலையைச் சேர்ந்து இழுக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் வலை கிழிந்துவிடும். மறுநாள் மன்னாரில், இப்படி விளையாட்டு உருவாக்குகிறவர்களுக்குப் போட்டி. ஆனால் விளையாடிப் பார்த்த யாராலும் வலையைக் கரை சேர்க்க முடியவில்லை.

தாழ்வுபாட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் நானும் மனைவியும், தம்பியும் அவன் மனைவியும் உட்கார்ந்தோம். ஐந்தாம் வகுப்போடு நின்று கடலுக்குப் போன எனக்கு, மகள் ஆளுக்கொன்றாய்க் கையில் தந்த கருவியின் பொத்தான்களைத் தொடவே கூச்சம்.

வலை என் மனைவியின் பக்கம் இழுபட்டது. "இஞ்சாரும், கொஞ்சம் விடும்," என்றேன். தம்பியும் தன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவான். இரண்டு பெண்களும் விட்டார்கள். வலை கிழிந்தது.

"அப்பா, ஆரைச் சொல்லுறியள்?" மகளின் குரல் உடைந்திருந்தது.

அடுத்தமுறை வலை கரையைத் தொடும் நேரம், மறுபடியும் அதே பக்கம் இழுபட்டது. நான் எழும்பி நின்று கத்தினேன்.

"ஜெசிந்தா, விடு."

கலியாணம் கட்டிய நாள் முதல் அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் விட்டாள். வலை நிறைய மீனோடு கரைக்கு வந்தது.

"அண்ணிக்குப் பேர் இருக்கெண்டு அண்ணைக்குத் தெரியும்போல," என்றான் தம்பி.

மகள் துள்ளிக் குதித்தாள். "ஆருக்குச் சொல்லுறதெண்டு காட்ட அம்புக்குறி போட இருந்தனான் அப்பா. இனி வேண்டாம். பேர் சொல்லிக் கூப்பிடட்டும்."

விடிந்ததும், "இஞ்சாரும், தேத்தண்ணி," என்றேன். மனைவி திரும்பவில்லை. சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. மெதுவாக, "ஜெசிந்தா," என்றேன்.

கடலில் எவ்வளவோ கத்தியிருக்கிறேன். நெஞ்சு இப்படி அடித்ததில்லை.