ஊறிய உளுந்தோடு வந்தவர்

விவசாயத் தொழிலாளர் ஊர்வலங்களில் முன்னால் நடக்கும் அந்த அம்மா, நான் விற்பனையாளாக வேலை பார்த்த கீழ்வேளூர் மிக்ஸிக் கடைக்கு ஒருநாள் தூக்குவாளியில் ஊறிய உளுந்தோடு வந்தார். புடவை ஓரத்தில் நடவுச் சேறு காய்ந்திருந்தது.

மிக்ஸியில் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டினேன்.

“தண்ணிய நான் கையாலயே கலக்கிடுவேன் தம்பி. உளுந்தப் போடுங்க. போன மிக்ஸி மூணே மாசத்துல புகைஞ்சுபோச்சு.”

“அரைச்சுப் பாத்து யாரும் வாங்கறதில்லம்மா.”

“வெதநெல்லையே ஈரத்துணியில கட்டி, மொளைக்குதான்னு பாத்துத்தான் வாங்கறோம். இதுக்கென்ன?”

முதல் மிக்ஸி பாதியில் நின்றது. இரண்டாவதில் கருகிய வாடை வந்தது. அவர் நகரவில்லை. மூன்றாவது வெண்ணெயாக அரைத்தது. மாவை வழித்துக்கொண்டு, அந்த மிக்ஸியோடு போனார்.

“அந்த ரெண்டையும் துடைச்சுப் பெட்டியில வை. அடுத்து வர்றவங்களுக்குக் குடுத்துடலாம்,” என்றார் முதலாளி.

துடைத்தேன். பெட்டியில் வைக்கத்தான் கை வரவில்லை.