தறிக்கு மட்டும் விடுமுறை

முள்ளிப்பட்டில் அமாவாசை அன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். அதனால்தான் நெசவாளர்களின் கைவலிக்கான பயிற்சி வகுப்பை, தெரபிஸ்டான நானும் எங்கள் நர்ஸும் தெரு முழுவதற்கும் சேர்த்து இன்றைக்கு வைத்தோம். யோசனை என்னுடையது.

வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். சொன்னபடி கையை நீட்டினார்கள், மடக்கினார்கள். யாருக்கும் வலி இல்லையாம்.

வரவேண்டியவர் செல்வி. விரல்கள் மரத்துப்போய், அறுந்த இழையை முடிச்சுப் போட முடியவில்லை என்று நர்ஸிடம் அழுதவர். இப்படியே போனால் தறியை விடவேண்டியதுதான்.

"அது துணி தொவைச்சிகினு இருக்குதுங்க. நான் கத்துகினு போய் சொல்லிக் குடுத்துடறேன்" என்றார் அவர் கணவர்.

அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே போனோம். செல்வி அந்தக் கையால் ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"லீவு தறிக்குத்தாங்க" என்றார்.

மரத்த கைக்குப் பிழிவது ஆகவே ஆகாது. போர்வையை வாங்கிக் கணவரிடம் கொடுத்தேன். "இதுதாங்க அடுத்த பயிற்சி. நல்லா முறுக்குங்க."

முறுக்கினார். தண்ணீர் சொட்டுவது நின்றதும் கேட்டார்: "அமாவாசைக்கு மட்டும் செஞ்சா போதுங்களா மேடம்?"

"தினமும். சாப்பாட்டுக்கு முன்னாடி."

உங்கள் வீட்டில் இந்தப் பயிற்சியை யார் செய்கிறார்கள்?