ஃப்ளோராவின் தீராத பாட்டில்

மெட்ராஸ் பட்டணத்திலேயே முதன்முதலாகக் கறுப்பு உதட்டோடு நடமாடியவள் எங்கள் ராயபுரத்து ஃப்ளோராதான். அவள் பீச் ஸ்டேஷன் வாசலில் நடந்தால் துறைமுகத்து கிரேன்களெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். அவளை இன்னொரு தரம் பார்க்காமல் போகமாட்டேன் என்று ஒரு கிரேக்கக் கப்பல் நங்கூரத்தைத் தூக்காமலே கிடந்தது. சரி, சரி. கிரேன் திரும்பியது மூட்டை இறக்க. கப்பல் கிடந்தது வேலைநிறுத்தத்தால். கறுப்பு என்பதும் முழுக் கறுப்பில்லை, நன்றாகப் பழுத்த நாவல்பழத் தோலின் நிறம். நாலு பங்கு கூட்டித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நிறத்தை அவள் எதற்காகத் தேடிப் போனாள் என்பதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஃப்ளோராவின் அப்பா பாஸ்கல் துறைமுகத்தில் சுமை தூக்கும் வின்ச் ஓட்டியவர். அவள் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே போய்விட்டார். அம்மா வியாகுலம்மாள் கூடை மீன் வியாபாரம். ஒற்றைக் கத்தரிக்காய்க்கும் கால் மணி நேரம் பேரம் பேசுகிற வாய். பேரத்தில் தோற்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. தம்பி லியோனார்ட் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். ஃப்ளோரா பாரிமுனைப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் டைப்பிஸ்ட்.

வியாகுலம்மாளிடம் மீன் வாங்கப் போனவர்களுக்கு வஞ்சிரத்தோடு ஒரு கதையும் கிடைக்கும். ஏழு வயதில் ஃப்ளோராவுக்கு நாலு தப்படி ஓடினால் மூச்சு வாங்கும். பிள்ளையை வேளாங்கண்ணிக்குத் தூக்கிப் போய், மொட்டை போட்டு, வெள்ளித் தகட்டில் வெட்டிய சின்ன இதயம் ஒன்றை மாதா காலடியில் வைத்தாள் அம்மா. திரும்பி வந்து எழும்பூரில் இறங்கிய பிள்ளை, கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு தானே ஓடியது.

“ரயில்வண்டி நிக்கறதுக்குள்ள குதிச்சு ஓடிச்சு! மாதா தொட்ட நெஞ்சு அது. எந்த டாக்டராலயும் ஆவாது” என்று சொல்லிக்கொண்டே செதில் சீவுவாள். புருஷன் போனபோதும் அவள் நிமிர்ந்து நின்றது அந்த ஒரு கதையைப் பிடித்துக்கொண்டுதான்.

எழுபத்திரண்டில் ஒருநாள் ஆபீஸ் மாடிப்படியில் ஃப்ளோரா மயங்கி உட்கார்ந்தாள். வீட்டுக்குச் சொல்லாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் கடைசியில் அவள் விரல்களைத் தன் கையில் ஏந்திப் பார்த்தார். நுனிகள் உருண்டு, நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

“நெஞ்சுல ஓட்டை இருக்கும்மா. பிறவியிலேயே இருந்திருக்கு. இப்ப ஆபரேஷன் பண்ற கட்டத்தைத் தாண்டிடுச்சு. கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் நினைக்கவே கூடாது. உதடும் நகமும் இன்னும் நீலமாகும். வீட்ல யாரையாவது கூட்டிட்டு வா, சொல்றேன்.”

ஃப்ளோரா யாரையும் கூட்டிப் போகவில்லை. தான் சாகப்போவதை அவள் எப்படியோ விழுங்கிவிட்டாள். விழுங்க முடியாதது வேறு. வெள்ளி இதயம் பலிக்கவில்லை, இத்தனை வருஷமும் அம்மா ஊருக்குச் சொன்னது வெறுங்கதை என்று அந்த மனுஷிக்குத் தெரியவரும். அது மட்டும் கூடாது. தன் மூச்சு இருக்கிற வரையில், மாதா தொட்ட பெண்ணாகவே அம்மா கண்ணுக்குத் தெரிய வேண்டும். மயக்கத்தை மறைக்கலாம், இருமலை மறைக்கலாம். முகத்தில் பட்டவர்த்தனமாக நிற்கிற நீலத்தை என்ன செய்வது?

விஷயத்தை ஒரே ஒருத்தியிடம் சொன்னாள். அதே சந்தில் குடியிருந்த தோழி மங்கம்மா. கேட்டவள் மூக்கைச் சிந்திவிட்டு, “எய்ந்திரு, பர்மா பஜார் போவலாம்” என்றாள்.

பஜாரில் உதட்டுச் சாயம் விற்ற வரதன் ரங்கூனிலிருந்து வந்து கடை போட்டவர். ஸ்டூலில் உட்காரவைத்து, கைக்கண்ணாடியைக் கொடுத்தார்.

“ரோஸ் போட்டுக்கோம்மா. கல்யாணப் பொண்ணாட்டம் இருப்ப.”

ரோஸைப் பூசினாள். நீலத்தின்மேல் ரோஸ் ஏறி, நீலம் போட்டு அலசிய பழைய துணி மாதிரி வெளுத்தது. துடைத்துவிட்டுச் சிவப்பை எடுத்தாள்.

“சீ, வேணாம்டி. புருசங்கிட்ட குத்து வாங்கினவளாட்டம் கீது” என்றாள் மங்கம்மா.

காவி, பவழம், செங்கல் எல்லாம் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் அடியிலிருந்து நீலம் எட்டிப் பார்த்தது. ஃப்ளோரா எழுந்திருக்கப் போனபோது பெட்டியின் அடியில் தனியாகக் கிடந்த ஒரு உதட்டுச் சாயக் குப்பி கண்ணில் பட்டது.

“அது போணியாவாத சரக்கும்மா” என்றார் வரதன். “கப்பல்காரன் ஒருத்தன் தலைல கட்டிட்டுப் போனான். அவங்க ஊர்ல வெள்ளைக்காரிச்சிங்க கறுப்பு கவுனு மாட்டிக்கினு பேய் வேசம் கட்டுவாளுங்களாம். அதுக்குப் பூசறது.”

பூசிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தாள். நீலம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த இருட்டு அதை முழுசாகத் தின்றுவிட்டிருந்தது. அதே நிறத்தில் நெயில் பாலிஷும் நாலைந்து பாட்டில் இருந்தது. கட்டைவிரலில் ஒரு பூச்சுப் பூசி வெயிலில் நீட்டினாள். லேசாக நீலம் கசிந்தது. இரண்டாவது பூச்சில் அடங்கிவிட்டது.

“அசல் பேயாட்டம் கீறம்மா” என்றார் வரதன் மனசு பொறுக்காமல்.

“பேய்னா பரவால்லண்ணே” என்று சிரித்தாள் ஃப்ளோரா. “பேய்க்கு வியாதி வராது.”

மங்கம்மா சட்டென்று பக்கத்துக் கடைப் பொம்மையை எடுத்துப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டாள்.

உதடு மட்டும் இருண்டிருந்தால் சீக்காளி என்பார்கள். கண்ணும் புடவையும் சேர்ந்து இருண்டால் திமிர் என்பார்கள். திமிர்பிடித்தவள் என்று பெயரெடுப்பதே மேல் என்று ஃப்ளோரா தீர்மானித்தாள். கண்ணுக்குத் தடிமனாக மை வந்தது. இளநீலம், மஞ்சள் புடவைகளெல்லாம் பெட்டிக்குள் போய், கருமெரூனும் பாட்டில் பச்சையும் வெளியே வந்தன. ஆபீஸில் கணக்குப் பார்க்கிற மனோகரன், “மேடம், இன்னிக்கு யார் ரத்தம்?” என்று கேட்பான். “உங்க வீட்டு விலாசம் கிடைக்கலை, அதனால வெறும் காப்பிதான்” என்பாள் டைப் அடிப்பதை நிறுத்தாமல். சந்துப் பிள்ளைகள் ‘ரத்தக்காட்டேரி அக்கா’ என்று கத்திக்கொண்டு ஓடினால், நகங்களை விரித்துத் துரத்துகிற மாதிரி ரெண்டு எட்டு வைப்பாள். மூன்றாவது எட்டு வைக்க மூச்சு இருக்காது. செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்வாள்.

வியாகுலம்மாள் முதல்நாள் பார்த்ததும் கூடையைத் தொப்பென்று இறக்கினாள்.

“இன்னாடி இது, உதட்டுல தார் பூசிக்கினு வந்து நிக்கற?”

“ஃபேஷன்மா.”

“உங்கொப்பன் செத்தப்பகூட இந்த வூட்ல இவ்ளோ கறுப்பு இல்லடி!”

அதைக்கூடச் சமாளித்துவிட்டாள். சமாளிக்க முடியாதது ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலத்தில் எங்கள் கோயிலில் உதட்டுச் சாயத்தோடு நன்மை வாங்க, அதாவது நாக்கில் நற்கருணை அப்பம் வாங்க, போகக்கூடாது. பூசி வந்த பெண்கள் வாசலிலேயே முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போவார்கள். வியாகுலம்மாளும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் முழந்தாளிட்டு வாங்குவதுதான் வழக்கம். துடைத்தால் அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளி, பட்டப்பகல் வெளிச்சத்தில், நீல உதட்டை அண்ணாந்து திறந்து காட்ட வேண்டும்.

மணி அடித்தது. எல்லாரும் எழுந்து போனார்கள். ஃப்ளோரா பெஞ்சிலேயே இருந்தாள். குருவானவர் ஒவ்வொருவர் முன்னும் நின்று முணுமுணுத்தபோதெல்லாம் இவள் இருந்த இடத்திலிருந்தே வாய்க்குள் ‘ஆமென்’ சொல்லிக்கொண்டாள். வரிசையில் இருந்த அம்மா பாதியில் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஃப்ளோராவால் பல நாள் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தது.

“நன்மை வாங்காம குந்திகினு கீறியே, அப்டி இன்னாடி பாவம் பண்ண?”

“ஒண்ணும் பண்ணல.”

“பின்ன தொடச்சிட்டு வர்றதுக்கு இன்னா கேடு?”

ஃப்ளோரா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “சாயம் போய்டும்மா.”

தேவனைவிடச் சாயம் பெரிதாகப் போன பெண்ணைப் பெற்றேனே என்று வியாகுலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். வாரத்துக்கு வாரம் அதே சண்டை. சின்ன வயதிலிருந்து பாடற்குழுவில் பாடியவள், பூசை நாளென்றால் விடியுமுன் எழுந்து நிற்பவள், சாயத்துக்காகத் தேவனை விட்டவள் என்ற பெயரைச் சுமந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மா கோபமாக இருக்கிறாள். கோபம் இருக்கிற வரை பயம் வராது. அந்த ஆறுதல் அவளுக்குப் போதுமாக இருந்தது என்று எழுத ஆசைதான். போதவில்லை. குளிக்கும்போது தண்ணீரை உரக்க ஊற்றிக்கொண்டு அழுவாள்.

மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, பகல் எது இரவு எது என்று தெரியாமல் கிடந்தாள். நினைவு வந்ததும் முதலில் நகத்தைத்தான் பார்த்தாள். அப்பா! ஒரு பொட்டுக்கூட உரியாமல், கடையில் பூசினது போல் பளபளத்தது. வெளிநாட்டுச் சரக்கென்றால் சும்மாவா? காய்ச்சல் சூட்டில் இரும்பே உருகும், அது உருகவில்லை. தலையணைக்கடியில் இருந்த சாயக் குப்பியை எடுத்து உதட்டிலும் அவசரமாக இழுத்துக்கொண்டாள். கஞ்சியோடு வந்த அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் கஞ்சியையே ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு கோயில் சண்டை நின்றுபோயிற்று. நன்மைக்கு மணி அடித்தால் வியாகுலம்மாள் மகளின் தோளில் ஒரு கையை ஊன்றி எழுந்து போவாள், அதே தோளைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவாள். பிடிவாதத்தில் அம்மாவை ஜெயித்த ஒரே ஆள் நான்தான் என்று ஃப்ளோரா மங்கம்மாவிடம் பெருமையடித்தாள்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. அந்த நெயில் பாலிஷ் பாட்டில் கட்டைவிரல் உயரம்தான். வாராவாரம் பத்து விரலுக்கும் இரண்டு பூச்சு. மழை போய், பனி போய், கோடை வந்தது. பாட்டில் தீரவேயில்லை.

“எலியாஸ் தீர்க்கதரிசி தங்கின விதவை வூட்டு வத்தாத எண்ணெய்க் கலயமாட்டம் கீதுடி” என்றாள் ஃப்ளோரா.

“எந்தத் தெருவு விதவை?” என்று கேட்டாள் மங்கம்மா.

ஃப்ளோரா மூச்சுத் திணறுகிற அளவுக்குச் சிரித்தாள். மாதா தன்னைக் கைவிட்டுவிடவில்லை, நெஞ்சுக்குச் செய்யாததைப் பாட்டிலுக்காவது செய்கிறாள் என்று உள்ளுக்குள் நம்பவும் செய்தாள். பூசி முடித்தால் ஊதி உலர்த்த மூச்சு போதவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் வெயிலில் விரித்துக் காட்டிக்கொண்டிருப்பாள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம்தான் போனாள். மீன் கூடையோடு சந்து திரும்பிய வியாகுலம்மாள், “வெயில்ல இன்னாடி தூக்கம்?” என்று தூரத்திலிருந்தே அதட்டிக்கொண்டு வந்தாள்.

இடது கையில் ஒரு பூச்சுதான் ஆகியிருந்தது என்று மங்கம்மா சொல்லுவாள். சவப்பெட்டியில் பார்த்தவர்களோ இரண்டு கையும் ஒரே நிறம் என்பார்கள். சாவு வீட்டில் எல்லார் கண்ணிலும் தண்ணீர். யார் சரியாகப் பார்த்தார்கள்? சாமியார் வருமுன் உதட்டைத் துடைத்துவிடலாம் என்று ஈரத்துணியோடு வந்தவளை வியாகுலம்மாள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “தொடாத. எம்பொண்ணு ஆசப்பட்டு வெச்சிக்கினது.”

அப்புறமும் பல வருஷம் அவள் கூடை சுமந்தாள். வெள்ளி இதயத்தின் கதையைச் சொன்னாள். ரயிலிலிருந்து குதித்து ஓடிய பிள்ளையோடு நிறுத்திக்கொள்வாள். ஃப்ளோரா நினைத்தபடியே ஆயிற்று. கடைசிவரை அந்தத் தாய்க்கு ஒன்றும் தெரியாது. தீராத பாட்டில்தான் அதற்குச் சாட்சி.

இவ்வளவையும் எழுதி, ஃப்ளோராவின் தம்பியும் என் வீட்டுக்காரருமான லியோனார்டுக்கு வாசித்துக் காட்டினேன். நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசி வரியில் கண்ணைத் திறந்தார்.

“எல்லாம் சரிமே. அந்த அதிசயத்த மட்டும் அடிச்சிரு.”

“ஏன்?”

“அக்கா காய்ச்சல்ல கெடந்தப்ப அம்மாதான் நகத்துச் சாயத்தச் சொரண்டித் தொடச்சி வுட்டா. பாத்தா. ரொம்ப நேரம் கையப் புடிச்சிகினு குந்தினு இருந்தா. அப்புறம் அதே பாட்டில எடுத்து, பத்து வெரலுக்கும் திரும்பப் பூசி வெச்சா. ‘அவளுக்குத் தெரிய வேணாண்டா’ன்னா. அதுக்கப்புறம் அக்கா ஆபீஸ் போனதும் பாட்டில கைக்குட்டைல சுத்தி எடுத்துக்குவா, நான்தான் சைக்கிள்ல வெச்சி பஜாருக்கு இட்டுனு போவேன். புதுசு வாங்கி, பழசுல கொஞ்சமா ஊத்தி வெச்சிருவா. கலர் ஒத்துக்குதான்னு வெயில்ல புடிச்சிப் புடிச்சிப் பாப்பா.”

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

“வரதன் ஒரு வெல சொல்வாரு. மறுபேச்சு பேசாம குடுத்துட்டு வருவா. எங்கம்மா பேரம் பேசாம வாங்கின ஒரே சாமான் அதாம்மே.”