பச்சைப் பெயின்ட் அடித்த கிட்டார்

சித்தப்பா திருவிழா மேடைகளில் வாசித்த எலெக்ட்ரிக் கிட்டார், அவர் இறந்தபின் எங்கள் வீட்டில் மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. ராமேஸ்வரத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் கைக்காசு தீர்ந்து அவரிடம் விற்றுவிட்டுப் போனது. செல்லில் தேடிப் பார்த்தேன். அறுபதுகளில் செய்தது, அந்த வகையில் உலகத்திலேயே சிலதான் மிஞ்சியிருக்கின்றன. போட்டோவோடு விற்பனைக்குப் போட்ட அன்றே சென்னையிலிருந்து ஒருவர் அழைத்தார். அவர் சொன்ன விலை நான் பி.எட். சேர முழுக்கப் போதும்.

மதுரையில் வேலையிலிருந்த நான் அய்யாவுக்குப் போன் செய்தேன். "ஞாயித்துக்கெழம பாக்க வாராங்கய்யா. சுத்தமா எடுத்து வைங்க." அவ்வளவுதான் சொன்னேன். பழசாக இருப்பதற்குத்தான் அந்த விலை என்று சொல்லவில்லை. சொன்னாலும் விளங்காது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவன் நான். அந்த நினைப்பும் அங்கேதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சென்னைக்காரருடைய காரிலேயே மதுரையிலிருந்து சாயல்குடி தாண்டி ஊருக்குப் போனோம். அய்யா துண்டை விலக்கிக் காட்டினார். கிட்டார் பச்சைப் பசேலென்று மின்னியது.

சந்தைக்கு மாடு பிடித்துப் போகுமுன் கொம்பைச் சீவி வர்ணம் பூசுவார் அய்யா. அப்படித்தான் இதையும் மாரியூர்க் கடற்கரையில் படகுக்குப் பெயின்ட் அடிப்பவர்களிடம் கொண்டுபோயிருக்கிறார்.

"நல்லா உப்புத்தாள் போட்டுத் தேச்சு அடிச்சதுங்க. போட்டுக்கு அடிக்கிற பெயின்ட்டு. கடல்ல கெடந்தாலும் அசையாது!"

வந்தவர் தலையில் கை வைத்தார். "அந்தப் பழைய பெயின்ட்டுக்குத்தானே சார் நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"

அய்யா என்னைப் பார்த்தார்.

"ஒங்கள யாரு அடிக்கச் சொன்னா? ஒண்ணும் தெரியலேன்னா சும்மா இருக்கவேண்டியதுதான?" என்றேன். அந்த ஆளை வைத்துக்கொண்டே.

அய்யா அவர் பக்கம் திரும்பினார். "தம்பி மேல தப்பில்லைங்க. அவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். நாந்தான் கேக்கல."

நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதை அப்போதும் சொல்லவில்லை.

கார் போனபின் அய்யா ஒரு பாட்டிலில் தின்னரும் பழைய வேட்டித் துணியும் எடுத்துவந்து உட்கார்ந்தார்.

"ஏலே, இது போயிருச்சுன்னா கீழ பழசு இருக்கும்ல?"

உப்புத்தாள் போட்ட இடத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இருக்கும்யா."

தேய்த்தார். துணி பச்சையானது. கீழே வெறும் மரம் தெரிந்தது. அய்யா கிட்டாரைப் புரட்டிப்போட்டு, பின்பக்கம் தேய்க்கத் தொடங்கினார்.