காயல்பட்டினம் போய்ச் சேர்ந்த மடிக்கணினி

பழைய மடிக்கணினிகளை வாங்கிப் பழுது நீக்கி, கட்டணமில்லாத இயங்குதளங்களை ஏற்றிப் பார்க்கும் ஆர்வலர்களின் இணையக் குழு ஒன்றில் நான் உறுப்பினன். எங்களுக்குள் பொருள் விற்பவர் அதன் குறைகளை முதலில் எழுத வேண்டும், நிறைகள் பிறகுதான். அந்த வழக்கத்தை வற்புறுத்திக் கொண்டுவந்தவன் நானே. திரையின் விரிசலை மறைத்து விற்ற ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தும் இருக்கிறேன். கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு, அந்தக் குழுவில் கிடைத்த மரியாதை பாளையங்கோட்டையில் நான் போகும் திருச்சபையில் கிடைப்பதற்குச் சற்றும் குறைந்ததன்று.

ஆகவே என்னுடைய மடிக்கணினி ஒன்றை விற்க முனைந்தபோது, கீல் தளர்ந்திருப்பதையும் மூடியில் கீறல் இருப்பதையும் முதலில் எழுதினேன். பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும் என்பதைக் கடைசி வரியில்தான் சேர்த்தேன். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்து, குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார். விசிறியில் படிந்திருந்த தூசியைத் துடைத்து, கனத்த துண்டில் சுற்றி, கூரியரில் அனுப்பினேன்.

பெட்டி போய்ச் சேர்ந்த அன்று காலை அவர் குழுவில் எழுதியிருந்தார்: "சார், சாமான் வந்துட்டு. ஆனா உசுரே இல்ல. பட்டனை அமுக்கி அமுக்கி வெரல்தான் வலிக்குது."

அதன் கீழே திசையன்விளை வியாபாரி ஒருவர்: "குறையை மொதல்ல எழுதணும்னு சட்டம் போட்ட அண்ணாச்சி இப்ப என்ன சொல்லுதாவன்னு பாப்போம்வே."

ராதாபுரத்து உறுப்பினர் அதற்கு ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெயரை எப்படி மீட்பது? விளக்கம் ஒன்றைத் தட்டச்சு செய்வதும் அழிப்பதுமாக இருந்தேன். பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் மனைவி பொறுமை இழந்தாள்.

"அந்த மனுசனுக்கே ஒரு போன் போடுங்களேன். கேட்டா கௌரவம் கொறஞ்சிருமா?"

போட்டேன். என்ன செய்து பார்த்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"சார்ஜரைச் செருகிப் பார்த்தீர்களா?"

"இல்லியே சார். மூணு மணி நேரம் நிக்கும்னு நீங்க எழுதுனா நிக்கும்லா? சார்ஜர் இன்னும் பையிலதான் கெடக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள்ளிருக்கும் பேட்டரியின் இணைப்பை கணினியின் அமைப்புகள் (BIOS) பக்கத்தில் ஒரு கட்டளையால் துண்டித்துவிட்டுத்தான் அடிமூடியைக் கழற்றித் தூசி துடைத்திருந்தேன். வழியில் தானாக இயங்கிச் சூடாகிவிடக் கூடாதென்று அப்படியே அனுப்பியும் விட்டேன். சார்ஜரை ஒருமுறை செருகினால்தான் அந்த இணைப்பு திரும்பும். எங்கள் கூட்டத்தில் எவரும் பழைய கணினிக்கு முதலில் சார்ஜரைத்தான் மாட்டுவார் என்பதால் அதைத் தனியாகச் சொல்லவில்லை. இவரோ என் எழுத்தை அப்படியே நம்பியதால் மாட்டவில்லை.

"இப்போது செருகுங்கள்."

ஏதோ சரசரத்தது. யாரோ ஒரு குழந்தையை அவர் விலகச் சொன்னார். பிறகு அந்தக் கணினிக்கே உரிய சிறு ஒலி என் காதிலும் விழுந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! வெளிச்சம் வந்துட்டு சார்! நாந்தான் அவசரப்பட்டுட்டேன். குரூப்ல நானே எழுதிருதேன்."

"நானும் எழுதுகிறேன். சொல்லாமல் விட்டது என் பங்கு."

இருவரும் எழுதினோம். அவர் கணினி ஓடுவதைப் படம் பிடித்தும் போட்டார். நான் திசையன்விளைக்காரரின் பதிலுக்காகக் காத்திருந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. வெகுநேரம் கழித்தே வந்தது.

"சரி அண்ணாச்சி, வெளையாட்டுக்குச் சொன்னேன். அடுத்தது எப்ப விக்கிய? மொதல்ல நமக்குச் சொல்லணும் கேட்டியளா."

தெரிவிப்பதாக ஒரே வரியில் பதில் எழுதினேன். பகலில் உறங்கும் வழக்கம் எனக்கில்லை. அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் சாய்ந்தவன், மனைவி காப்பி கொண்டுவந்து எழுப்பும்வரை அசையவில்லை.