நாலு அரங்கும் ஒரு பட்டியலும்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு பழைய இஞ்சிக் கிடங்கை நாடக அரங்கமாக்கியிருக்கிறார்கள். யார் போனாலும் வாசல் மேசையில் இருக்கும் ஹிஸானாவிடம் பேரும் போன் நம்பரும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகலாம். இதை எழுதுகிறவரும் அப்படித்தான் அவளை முதலில் சந்தித்தார். நம்பரைக் குறித்துக்கொண்டே, இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று அவர் தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தாள்.

இருந்த இடத்தில் இருக்கத் தெரியாதவள். நாடகம் தொடங்குகிறவரை மேசைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டேயிருப்பாள். வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவதெல்லாம் மலையாளம். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அது சின்ன விஷயமில்லை.

அந்த வட்டாரத்தில் நாடக அரங்கம் தவிர ஒரு சங்கீத சபை, ஓவியக் கூடம், திரைப்படச் சங்கம் என்று மூன்று உண்டு. நாலு பேரும் ஒரே சனிக்கிழமை நிகழ்ச்சி வைப்பார்கள். நாலு இடத்திலும் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். யாருக்கு என்ன பிடிக்கும், எந்த நாள் தோதுப்படும் என்கிற விவரங்களை ஒன்றாகச் சேர்த்தால் இந்த அடிபிடி தேவையில்லையே என்று யோசித்தவள் ஹிஸானா. அரங்கத்தை நடத்தும் ஷௌகத் அலி உடனே சரியென்றார். சபைச் செயலாளர் வெங்கிடராமன்தான் பிடி கொடுக்கவில்லை. தன் ரசிகர்களை நாடகக்காரர்கள் கடத்திப்போய்விடுவார்கள் என்று அவருக்குப் பயம். மழைக்காலம் முழுக்க அவர் வீட்டுக்கு நடையாய் நடந்து சம்மதம் வாங்கினாள். பொதுப் பட்டியலை அமைத்ததும் அவளே.

அவளிடம் நம்பர் கொடுத்த ரசிகர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்களில் பலரும் கொடுத்திருந்தது அண்ணன் நம்பர், பக்கத்துக் கடை நம்பர். அந்த நம்பர்களுக்கு ஹிஸானா செய்தி அனுப்பவே மாட்டாள். கூப்பிட்டு, "ஹிஸானா விளிச்சான்னு சொல்லுங்க" என்பாள். அதோடு வைத்துவிடுவாள். நாடகம் இருக்கிறது என்று உரியவளுக்கு மட்டும் புரிந்துவிடும். இது அவளுக்குக் கைப்பழக்கம். பொதுப் பட்டியலில் பேர், நம்பர், பார்த்த நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டவளுக்கு, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டுமென்று தோன்றவில்லை.

அப்படி நம்பர் கொடுத்தவர்களில் ஒருத்தி வசந்தி, ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஃபோர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹோட்டலில் அறை சுத்தம் செய்துகொண்டிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே போன் ஏலூரில் வேலை பார்க்கும் புருஷன் கையில். அதனால் ஹோட்டல் கவுண்டர் நம்பரைக் கொடுத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுவிட்டு நாடகம் பார்த்தாள். மறுநாள் அந்தக் கவுண்டர் போனுக்குச் சபையிலிருந்து செய்தி வந்தது. நேற்றைய நாடகத்தை ரசித்த வசந்தி அவர்கள் வியாழக்கிழமை கச்சேரிக்கும் வர வேண்டுமாம். முதலாளி அதைக் கவுண்டரில் நின்று சத்தமாக வாசித்தார்.

அன்று சாயங்காலமே வசந்தி அரங்கத்துக்கு வந்துவிட்டாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீங்க கூப்பிட்டுத்தானக்கா சொல்லுவிய? அதுக்குத்தானே நம்பர் குடுத்தேன். கச்சேரிக்காரங்களுக்கு என்னை யாருன்னு தெரியும்?"

ஹிஸானா மறுநாள் விடிந்ததும் ஹோட்டலுக்கு ஓடினாள். முதலாளி மரியாதையாகச் சாயா கொடுத்தார். ஆனால் இறங்கி வரவில்லை. பொய் சொல்லி லீவு எடுத்தவளிடம் விருந்தாளிகளின் அறைச் சாவியை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். வசந்தியின் வேலை போயிற்று.

அந்த வாரம் நாலு அமைப்பும் சபையில் கூடின. வெங்கிடராமன் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை. பல வருஷம் கழித்து வியாழக்கிழமை கச்சேரிக்கு ஹால் நிறைந்திருந்தது. ஹிஸானா நடந்ததைச் சொல்லி, தங்கள் அரங்கத்துப் பேர்களை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்கிறேன், ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றாள்.

"ஒருத்திக்காக இத்தனை பேரையும் எடுப்பியாம்மா? எங்காத்துக்கு நடையா நடந்து செருப்பைத் தேய்ச்சது நீதானே?" என்றார் வெங்கிடராமன்.

"ஒருத்தி வந்து சொன்னா சார். வராதவங்க எத்தனை பேரோ, எனக்கு அறியில்ல."

ஷௌகத் அலிக்கும் கோபம்தான். "நாம எடுத்தா சபைக்காரங்களும் அவங்க பேரை எடுத்துடுவாங்க. அடுத்த நாடகத்துக்கு நாற்காலிகளைப் பாத்து நடிக்கச் சொல்லட்டுமா?"

"இக்கா, அவ நம்பர் குடுத்தது நம்ம நாலு கூட்டத்துக்கும் இல்ல. எனக்கு."

அவர், அடுத்த நாடகத்துக்கு ஆள் வரவில்லையென்றால் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அவள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மற்ற இடங்களுக்கு உங்கள் பேரைக் கொடுக்கலாமா, கொடுத்தால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்பாள். சிலர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். பஜாரில் ஒரு உம்மா, இதை முதலிலேயே கேட்டிருக்கக் கூடாதா மோளே என்றாள். அடுத்த நாடகத்தில் முன்வரிசை மூன்றும் காலி. ஷௌகத் அலி அவள் பக்கம் திரும்பவேயில்லை.

ஓவியக் கூடமும் திரைப்படச் சங்கமும் தங்கள் பட்டியலில், எப்படிச் சொல்ல வேண்டும் என்கிற கட்டத்தைச் சேர்த்துக்கொண்டன. சபை சேர்க்கவில்லை. வசந்தி இப்போது வைப்பின் தீவுப் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறாள். சம்பளம் முன்பைவிடக் குறைவு. ஹிஸானா ஒருமுறை போய்ப் பார்த்தாள். வசந்தி நன்றாகப் பேசினாள், நாடகத்துக்கு மட்டும் வரவில்லை.

ஹிஸானா இன்றைக்கும் கிடங்கு அரங்கத்தில்தான் வேலை பார்க்கிறாள். காலையில் வந்ததும் போனை எடுக்கிறாள். பாதிப் பேரிடம் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.